முடிவிலாற்றலும் தருக்க வரம்பும்: தமிழ்ச் சமய மெய்யியலில் ஒரு வினா

எல்லாம் வல்ல இறைவனால் செய்ய முடியாதது ஏதேனும் உண்டா என்பது சமய மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. வட்டமான சதுரத்தை அவனால் ஆக்க முடியுமா? நடந்து முடிந்ததை நடவாததாக்க முடியுமா? தனக்கு நிகரான இன்னொரு கடவுளைத் தோற்றுவிக்க முடியுமா? முடியும் என்றால் அறிவுக்குப் பொருந்தாத ஒன்றைச் சொன்னவராவோம். முடியாது என்றால் வல்லமைக்கு எல்லை வகுத்தவராவோம். மேலை நாட்டில் இந்தச் சிக்கல், இறைவன் தன்னாலேயே தூக்க முடியாத கல்லைப் படைக்க வல்லவனா என்ற கேள்வியாகப் பெயர் பெற்றது. தமிழகத்தில் அந்தக் கல் பேசப்படவில்லை. ஆனால் அதே சிக்கல் பக்திப் பாடல்களின் உரைகளிலும், 13, 14ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த சாத்திரங்களிலும், வைணவ வேதாந்த நூல்களிலும் இன்னும் கூர்மையாக எழுந்தது. முரணான ஒன்றைச் செய்ய இயலாமை இறைவனுக்குக் குறை ஆகாது என்பதில் இம்மரபுகள் ஒன்றுபட்டன. சைவ சித்தாந்தம் இதற்கு மேலும் ஒரு படி சென்றது. உயிர், உலகின் முதற்காரணமான மாயை, உயிரை மறைக்கும் ஆணவம் ஆகியவை இறைவனால் படைக்கப்படாதவை, அழிக்கப்படாதவை என்றது. முதல் வகை வரம்பு எளிதில் விளங்கிவிடுகிறது. உண்மையான விவாதம் இரண்டாவதைப் பற்றியதே.

எண்குணத்துள் ஆற்றல்

திருக்குறளின் முதல் அதிகாரத்தில் இறைவன் எட்டுக் குணங்களை உடையவனாகச் சொல்லப்படுகிறான். அவை எவை என்று வள்ளுவர் விரிக்கவில்லை. பரிமேலழகர் தம் உரையில் சைவாகமம் கூறும் எட்டையும் வரிசைப்படுத்துகிறார்: தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், இயற்கை உணர்வினனாதல், முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருள் உடைமை, முடிவிலாற்றல் உடைமை, வரம்பிலின்பம் உடைமை. இப்பட்டியலில் ஆற்றல் தனித்து நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவு, அருள், பாசமின்மை ஆகியவற்றோடு அது ஒரே பொருளின் குணமாக எண்ணப்படுகிறது. ஆகவே முடிவிலாற்றல் என்பதற்கு, மற்ற ஏழு குணங்களையும் அழித்துவிடும் ஆற்றல் என்று பொருள் கொள்ள இடமில்லை. முற்றும் உணர்ந்தவன் அறியாமையில் வீழ வல்லவனா, பாசமற்றவன் பாசத்தால் கட்டுண்ண வல்லவனா என்று கேட்பது, எண்குணத்துள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வெட்டச் சொல்வதாகும்.

எண்குணத்தைச் சமணர் வேறு வகையாகக் கொண்டனர் என்பதையும் பரிமேலழகர் குறிப்பிடாமல் விடவில்லை. கடையிலா அறிவு முதலாகத் தொடங்கும் அவர்கள் பட்டியலில் கடையிலா வீரியமும் இடம்பெறும். ஆயினும் சமணம் கூறும் அருகன் உலகைப் படைப்பவனும் அல்லன், வினைப்பயனைக் கொடுப்பவனும் அல்லன். எல்லையற்ற ஆற்றல் என்ற ஒரே கருத்தை ஒரு மரபு உலகைத் தொழிற்படுத்தும் ஆற்றலாகவும், மற்றொன்று தடையற்ற தன்னிறைவாகவும் வைத்தது. ஆற்றலின் அளவைக் கேட்பதற்கு முன் அது எதைச் செய்யும் ஆற்றல் என்று கேட்க வேண்டும் என்பது இவ்வேறுபாட்டிலிருந்து தெளிவாகிறது. கல் புதிரின் குழப்பத்தில் பாதி, இந்த முன்கேள்வியைக் கேளாததால் விளைவது.

முரண் ஒரு செயல் ஆகாது

வட்டமான சதுரம் என்ற சொற்சேர்க்கை ஒரு பொருளைக் குறிப்பதில்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பது போல, முதற்சொல் சொன்னதை இரண்டாம் சொல் மறுக்கிறது. ஆகவே அதைச் செய்ய முடியாது என்னும்போது செய்யப்படாமல் எஞ்சியிருக்கும் வேலை ஒன்றும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதே முடிவுக்கு வந்தார். முரணானதைக் கடவுளால் செய்ய முடியாது என்பதைவிட, அது செய்யப்பட முடியாதது என்று சொல்வதே முறை என்றார் அவர். அவருக்கு முன்பே, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலி, ஒன்றை உள்ளதென்றும் இல்லதென்றும் ஒருங்கே ஆக்குவது ஆற்றலின் எல்லைக்குள் வரும் பொருளே அன்று என்று எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் மாவ்ரோட்ஸ் 1963இல் கல் புதிருக்கு இதே வழியில் விடை கண்டார். எல்லாம் வல்லவனால் தூக்க முடியாத கல் என்பதே முரண். முரணை ஆக்காமை குறையாகாது என்பது அவர் வாதம்.

தமிழ்ச் சைவம் இந்த நெறியை வெளிப்படையான விதியாக வகுப்பதைவிடத் தன் வாத முறையிலேயே கடைப்பிடித்தது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பரபக்கத்தில் உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை 14 கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கிறது. பின்னர் தன் கொள்கையை நாட்ட வரும் சுபக்கம், கடவுள் இலக்கணத்துக்கு முன்பாக அளவை இலக்கணத்தைப் பேசுகிறது. காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளை வகுத்து, அவற்றின் வழியே இறைவன் உண்மையை நிறுவப் புகுகிறது. இந்த அமைப்பில் ஒரு பெரிய முடிவு அடங்கியுள்ளது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது; அத்தகையது காரியம்; காரியத்துக்குக் கருத்தா வேண்டும்; ஆகவே கருத்தா உளன் என்ற கருதலளவை, ஒன்று காரியமாகவும் காரியம் அல்லாததாகவும் ஒருங்கே இருக்க முடியாது என்பதைச் சார்ந்தே நிற்கிறது. முரண்பாட்டை இறைவன் மெய்யாக்க வல்லவன் என்று ஒப்பினால், இறைவன் உண்டு என்று காட்டிய அந்தக் கருதலே சரிந்துவிடும். தருக்கத்தைக் கடந்தவன் என்று புகழ்வதற்காகத் தருக்கத்தை விட்டால், அவன் உளன் என்று பிறருக்குக் காட்டும் வழி அடைபட்டுப் போகும்.

இறைவனைப் பற்றி முரணாகத் தோன்றும் தொடர்களைச் சித்தாந்திகள் கையாண்ட விதம் இதை மேலும் உறுதிசெய்கிறது. இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் இருக்கிறான் என்பது அவர்கள் கொள்கை. ஒன்றானது எப்படி வேறாகவும் இருக்கும் என்ற கேள்விக்கு, இறைவனுக்கு முரணும் முடியும் என்று அவர்கள் விடை சொல்லவில்லை. கலப்பினால் ஒன்று, பொருள் தன்மையால் வேறு, உயிர்க்கு உயிராய் நிற்பதால் உடன் என்று நோக்கை மூன்றாகப் பிரித்தனர். 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் சிவஞான போதத்துக்கு எழுதிய மாபாடியம் இந்தப் பிரிவை நுட்பமாக விளக்குகிறது. உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும், கண்ணொளியும் உயிரறிவும் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடுத்துக்காட்டு தருகிறது. நோக்கு வேறுபடும்போது முரண் நீங்குகிறது. இறைவன் முரண்களுக்கு மேற்பட்டவன் என்று கருதியிருந்தால் இத்தனை உழைப்பும் தேவைப்பட்டிராது. வேதாந்திகளும் இதே நிலையில் நின்றனர். ஒரே பொருளில் மாறுபட்ட குணங்கள் ஒருங்கே பொருந்தா என்று பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் சமணரின் பல்நோக்குக் கொள்கையை மறுக்கிறது.

தன் பெருமையைத் தான் அறியாமை

கல் புதிருக்கு மிக நெருங்கிய தமிழ் வடிவம் ஆற்றலைவிட அறிவைப் பற்றியது. மாணிக்கவாசகர் திருச்சாழலில் இறைவனைத் தன் பெருமையைத் தானே அறியாதவன் என்று பாடுகிறார். நம்மாழ்வார் திருவாய்மொழியின் எட்டாம் பத்தில், தன் தன்மை தனக்கே அறிதற்கரியவன் என்ற கருத்தில் பாடுகிறார். இரு சமயத்தின் உயர்ந்த பாடல்களும் ஒரே கருத்தைத் தொட்டபோது, உரையாசிரியர்கள் ஒரு கடுமையான கேள்வியை எதிர்கொள்ள நேர்ந்தது. முற்றும் உணர்ந்தவன் தன் பெருமையை அறியமாட்டான் என்றால் முற்றுணர்வு எங்கே? அறிவான் என்றால், அளந்து முடிக்கப்பட்ட பெருமை எல்லையற்றதாகுமா? எப்பக்கம் சாய்ந்தாலும் எண்குணத்துள் ஒன்று இழக்கப்படுகிறது போலத் தோன்றும். கல்லைத் தூக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும் வல்லமை போகும் என்ற புதிரின் அமைப்பும் இதுவே.

வைணவ உரைமரபு தந்த விடை சுருக்கமானது, ஆனால் ஆழமானது. உள்ள பொருளை அறியாதிருந்தால் அது அறியாமை. இல்லாத பொருளை அறியாதிருந்தால் அது அறியாமை ஆகாது. ஆகாயத் தாமரையின் நிறத்தை அறியவில்லை என்பதால் எவருடைய அறிவும் குறைவதில்லை. அப்படி ஒரு பூ இல்லை என்று அறிவதே அங்கு அறிவு. இறைவனுடைய பெருமைக்கு எல்லை என்ற ஒன்று இல்லை. இல்லாத எல்லையைக் காணாமை முற்றுணர்வுக்குக் குறையாவதில்லை. எல்லை இல்லை என்று காண்பதே முற்றுணர்வு. அறிவைப் பற்றிய இந்த நியாயத்தை ஆற்றலுக்கு மாற்றினால் கல் புதிரும் அவிழும். செய்யத்தக்கதாய் உள்ள ஒன்றைச் செய்ய இயலாமை ஆற்றற்குறை. செயலாகவே இல்லாத ஒன்றைச் செய்யாமை எந்தக் குறையும் ஆகாது. பாடல் தந்த வியப்பைக் கைவிடாமலும் தருக்கத்தைக் கைவிடாமலும் இந்த விடை நிற்பதால், இவ்விவாதத்தில் தமிழ் உரைமரபின் பங்கு உலக மெய்யியலின் முன்வரிசையில் வைக்கத்தக்கது.

நிகரான இன்னொருவன்

இறைவனால் தனக்கு நிகரான இறைவனை ஆக்க முடியுமா என்ற வினா தமிழ்ச் சைவத்தில் வீடுபேற்றின் வழியே வந்தது. முத்தி அடைந்த உயிர் சிவனுக்கு நிகராகி ஐந்தொழிலையும் செய்யும் என்பது சிவசமவாதம் என்ற சைவப் பிரிவின் கொள்கை. உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய சங்கற்ப நிராகரணம், மறுத்த கொள்கைகளுள் இதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. வீடுபெற்ற உயிர் சிவானந்தத்தை முழுமையாக நுகரும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகிய ஐந்தொழில் இறைவனுக்கே உரியது என்பது சித்தாந்த நிலை. வேதாந்தமும் இங்கே உடன்படுகிறது. முத்தர்களுக்கு உலகை நடத்தும் தொழில் ஒன்று நீங்கலாக மற்ற எல்லாப் பேறுகளும் உண்டு என்று பிரம்ம சூத்திரத்தின் இறுதிப் பகுதி வகுக்க, இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் அதை நிலைநாட்டுகிறார்.

இது இறைவனின் பொறாமையோ கஞ்சத்தனமோ ஆகாது என்பதற்கான தருக்கக் காரணம் யோக சூத்திரத்தின் வியாச பாஷ்யத்தில் காணப்படுகிறது. நிகரான இருவர் ஒரே பொருளைப் பற்றி ஒரே வேளையில், ஒருவர் இது புதிதாகுக என்றும் மற்றவர் இது பழையதாகுக என்றும் எண்ணினால், ஒருவர் எண்ணம் நிறைவேறும்போது மற்றவர் எண்ணம் தடைபடும். தடைபட்டவர் குறைவுடையவர் ஆவார். இருவர் எண்ணமும் நிறைவேறுவதோ முரண். ஆகவே எதனாலும் தடைபடாத ஆற்றல் இருவரிடம் இருத்தல் இயலாது. இருவரும் எப்போதும் ஒத்தே எண்ணுவர் என்று கொண்டால் முரண் எழாதே என்று எதிர்வாதம் செய்யலாம். அப்படியானால் ஒருவர் மற்றவருக்கு மாறாக எண்ண முடியாதவர் ஆகிறார். அவருடைய தன்வயத்தன்மை மற்றவரைச் சார்ந்ததாகிவிடுகிறது. எண்குணத்துள் முதலாவதே அங்கு கெடும்.

பிறப்பைப் பற்றிய சைவ, வைணவ வேறுபாடும் இதே அளவுகோலால் விளங்கும். இறைவன் கருவில் பிறவாதவன் என்பது சைவர் துணிபு. அவன் தன் விருப்பால் அவதரிக்கிறான் என்பது வைணவர் துணிபு. எல்லாம் வல்லவனால் பிறக்கவும் முடியாதா என்று ஒருவர் கேட்க, பிறந்தவன் எப்படி இறைவனாவான் என்று மற்றவர் கேட்டனர். ஆனால் வினைக்கு வசப்பட்டுப் பிறத்தல் இறைவனுக்கு இல்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வினைவயப்பட்ட பிறப்பு ஆற்றலின் வெளிப்பாடாகாமல் ஆற்றலின் இழப்பாகவே முடியும் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டே வாதாடின. இறைவனுக்கு இல்லாதது எது என்பதை, அது ஆற்றலா இயலாமையா என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான விதி.

முப்பொருளும் இரண்டாம் வகை வரம்பும்

இதுவரை கண்டவை சொல்லளவிலேயே முரணானவை. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞான போதத்தின் 12 சூத்திரங்கள் இவற்றைவிடக் கடினமான நிலத்துக்கு அழைத்துச் செல்கின்றன. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) என்ற முப்பொருளும் தொடக்கமற்றவை. உலகுக்கு இறைவன் நிமித்த காரணன், அவனது சத்தி துணைக்காரணம், மாயை முதற்காரணம். குயவனும் திரிகையும் மண்ணும் போல இம்மூன்றும் வேண்டும். இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது, உள்ளது இல்லாமற் போகாது என்ற சற்காரியவாதம் இதற்கு அடிப்படை. ஆகவே ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தல் என்ற யூத, கிறித்தவ, இஸ்லாமியக் கருத்து சித்தாந்தத்துக்குப் புறம்பானது. உயிர்களையும் இறைவன் படைக்கவில்லை. அவற்றைத் தொடக்கமின்றியே மறைத்து நிற்கும் ஆணவ மலத்தையும் அவன் உண்டாக்கவில்லை. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை. கதிரவன் முன் இருள்போல அதன் சத்தி அடங்கிக் கிடக்கிறது. உமாபதியாரின் திருவருட்பயன் இருள்மல நிலை என்று ஓர் அதிகாரத்தையே இதற்கு ஒதுக்கியுள்ளது.

இங்கே எதிர்வாதம் வலுவானது. ஆணவத்தை அழி என்பது வட்டச் சதுரத்தை ஆக்கு என்பது போன்ற முரண் அன்று. கேட்பவருக்கு அது பொருள் உள்ள ஒரு செயலாகவே படுகிறது. அதைச் செய்யாதவன் முடிவிலாற்றல் உடையவன் என்று எப்படிச் சொல்வது? மாயை இல்லாமல் படைக்காதவன், கருவியும் பொருளும் இல்லாமல் இயங்காத ஒரு பெரிய தொழிலாளியாக மட்டும் நிற்பானே? சைவத்தின் உட்பிரிவுகளிலேயே இந்த நெருக்கடி உணரப்பட்டது. ஆணவம் என ஒரு மலம் இல்லை என்ற ஐக்கியவாதமும், இறைவன் உலகில் தானாக எதுவும் செய்வதில்லை, உயிரே வினைகளைச் செய்து அவனை அடைகிறது என்ற ஈசுவர அவிகாரவாதமும் சங்கற்ப நிராகரணத்தில் மறுப்புக்கு உள்ளாயின. முதலாவது துன்பத்தின் வேருக்கு விளக்கமின்றிப் போகிறது. இரண்டாவது அருளைத் தேவையற்றதாக்குகிறது. இவ்விரண்டையும் தவிர்க்கவே சித்தாந்தம் முப்பொருளின் நிலைத்தன்மையைப் பிடித்துக்கொண்டது.

சித்தாந்தத்தின் விடையை இரு படியாக அமைத்துக் காட்டலாம். முதலாவது, சற்காரியவாதத்தை ஏற்றுக்கொண்டால், உள்ள பொருளை அடியோடு இல்பொருளாக்குதல் செயல் ஆகாது. அது இருப்பு என்பதன் இலக்கணத்தோடு முரணுகிறது. ஆகவே இரண்டாம் வகை வரம்பாகத் தெரிவது, ஆழ்ந்து பார்த்தால் முதல் வகையில் அடங்கிவிடும். இதை ஏற்பவருக்கு வினா தீர்கிறது. ஏற்காதவருக்குத் தீர்வதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சற்காரியவாதம் எல்லாத் தரிசனங்களுக்கும் பொதுவான கொள்கை அன்று. நியாய, வைசேடிகர் அதை மறுத்தவர்கள். இரண்டாவது படி இதைவிட வலிமையானது. ஆற்றலின் நோக்கம் என்ன என்று அது கேட்கிறது. சித்தாந்தத்தில் ஐந்தொழிலும் உயிரின் மலத்தைப் பக்குவப்படுத்தவே நிகழ்கின்றன. மலம் பக்குவமாகும் மலபரிபாகம் வந்தபோது, அருள் உயிரில் பதியும் சத்திநிபாதம் நிகழ்ந்து ஞானம் பிறக்கிறது. உயிரின் அறிவு விளங்கி, தன் சார்பை இருளிலிருந்து அருளுக்கு மாற்றுவதே விடுதலை. அறிவின் விளக்கத்தை வெளியிலிருந்து ஒரு நொடியில் திணித்தால் அது அவ்வுயிரின் அறிவாக இராது. ஆணவத்தை அழிப்பதைவிட, அது இருக்கவும் அதன் வலி செல்லாதபடி உயிரை நிறுத்துவது பெரிய வல்லமை. எந்த உயிரையும் கைவிடாமல் பிறவிதோறும் உடன் நின்று அதைச் செய்வதே முடிவிலாற்றல் என்று சித்தாந்தம் கொள்கிறது.

வினையும் தன்வயமும்

சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரம், இறைவன் தன் ஆணையாகிய சத்தியோடு நீக்கமின்றி நின்று, இருவினைக்கு ஏற்ப உயிர்களுக்குப் போக்குவரவு அமையச் செய்கிறான் என்று கூறுகிறது. வினையைப் பார்த்தே பயன் கொடுப்பவன் தன்வயத்தன் ஆவானா என்பது இதன்மேல் எழும் கேள்வி. நியாய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்திலேயே இந்த உரையாடல் உண்டு: மனித முயற்சி பலிக்காமல் போவதைக் காண்பதால் இறைவனே காரணம் என்று ஒரு தரப்பும், முயற்சி இல்லாமல் பயன் இல்லை என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், வினையை நோக்கிச் செய்வதால் இறைவனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் இல்லை என்று விடை தருகிறது. சங்கரர் அங்கே மழையை எடுத்துக்காட்டாக்குகிறார்: மழை எல்லாப் பயிருக்கும் பொது, விளைச்சலின் வேறுபாடு விதையால் வருவது.

இந்த வரம்பு தருக்கத்தின் கட்டாயத்தால் வந்ததாகவும் இல்லை, இயலாமையால் வந்ததாகவும் இல்லை, நீதியால் வந்தது. ஒறுப்பும் அருளே என்று சிவஞான சித்தியார் சொல்வதன் பொருள் இதுதான். பிள்ளையைத் திருத்தும் பெற்றோரின் சினம் பரிவின் வடிவம் என்பது அந்நூல் காட்டும் வழி. வினை அறிவற்றது, தானே சென்று உரியவனைப் பற்றாது, அதைக் கூட்டுவிக்க அறிவுடைய ஒருவன் வேண்டும். ஆகவே வினை இறைவனை ஏவவில்லை. இறைவன் வினையை அறிந்து பயன்படுத்துகிறான். தன் முறையைத் தானே காப்பவனின் தன்வயம் குறையாது. முறையின்றி நடப்பவனே விருப்பு வெறுப்பின் வசப்பட்டவன். எண்குணத்துள் தன்வயத்தனாதலும் பாசங்களின் நீங்குதலும் ஒருங்கே எண்ணப்படும் பொருத்தம் இங்கே விளங்கும்.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் தருக்கத்தை இறைவனுக்கு மேல் ஏற்றுவது பற்றியது. 1630இல் டெக்கார்ட் தம் நண்பர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதங்களில், கணித உண்மைகளும் அரசன் நாட்டில் இடும் சட்டங்களைப் போல இறைவனால் இடப்பட்டவையே என்றார். இறைபக்தியின் மிகுதியால் எழுந்த கொள்கை இது. ஆனால் இதைப் பின்பற்றினால் கல் புதிரும் இல்லாமற் போகிறது. 1964இல் ஹாரி பிராங்பர்ட் காட்டியது போல, ஒரு முரணைச் செய்ய வல்லவன் இன்னொரு முரணையும் செய்வான்; தூக்க முடியாத கல்லைப் படைத்து, அதைத் தூக்கியும் விடுவான். ஆக, தருக்கத்தை ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் அப்புதிர் இறைவனின் வல்லமையை மறுக்கப் பயன்படாது. ஆனால் டெக்கார்ட்டின் வழியில் நாம் இறைவனைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவன் அருளாளன் என்ற சொல்லுக்கும் அருளற்றவன் என்ற சொல்லுக்கும் வேறுபாடு அற்றுவிடும். தருக்கம் இறைவனுக்கு மேலே உள்ள ஓர் அரசு என்று கொள்ள வேண்டியதில்லை. உண்மையே அவன் இயல்பு என்று கொள்வோருக்கு, முரணின்மை அவன் இயல்பின் வெளிப்பாடு மட்டுமே.

இரண்டாம் எதிர்வாதம் பகுத்தறிவாளருடையது. சென்னைக்கு அதில் நீண்ட வரலாறு உண்டு. 1880களில் சென்னை லௌகீக சங்கத்தினர் நடத்திய தத்துவவிவேசினி என்ற தமிழ் இதழ் கடவுள் உண்மையையும் சமய ஆசாரங்களையும் கேள்விக்கு உட்படுத்தியது. 1897இல் அதே நகரிலிருந்து சித்தாந்த தீபிகை வெளிவரத் தொடங்கி, சைவ சித்தாந்தத்தை ஆங்கிலம் கற்ற வாசகருக்கு எடுத்துரைத்தது. 1895இல் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அதன் ஆசிரியப் பணியை ஏற்றார். 20ஆம் நூற்றாண்டில் பெரியார் தலைமையிலான சுயமரியாதை இயக்கம் இதே வினாவை மேடைதோறும் எளிய மொழியில் கேட்டது: எல்லாம் வல்ல கடவுள் இருக்க, பசியும் நோயும் சாதிக் கொடுமையும் ஏன்? மேலை மெய்யியலில் ஜே. எல். மாக்கி 1955இல் இதைத் தருக்க வடிவில் வைத்தார். முழு வல்லமை, முழு நன்மை, தீமையின் இருப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். வல்லமையைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் சிக்கல் தீரும் என்றும் அவரே ஒப்பினார்.

சித்தாந்தம் அப்படிக் குறைத்துக்கொண்ட கொள்கைதானா? ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தலே வல்லமையின் அளவுகோல் என்றால், ஆம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்த அளவுகோலே விவாதத்துக்குரியது. உயிர்களையும் அவற்றின் அறியாமையையும் உண்டாக்கிவிட்டு, பின் அவற்றின் தவறுக்கு ஒறுப்பவன் என்ற குற்றச்சாட்டு, உயிரையும் மலத்தையும் படைக்காத இறைவன்மேல் பொருந்தாது. தீமையின் மூலம் அவனிடம் இல்லை. தீமையிலிருந்து மீட்பு அவனிடம் உள்ளது. அதே வேளையில், தொடக்கமற்ற வினை என்ற விளக்கத்தைச் சமூகக் கொடுமைகளை நியாயப்படுத்தப் பயன்படுத்தியோருக்கு எதிராகப் பகுத்தறிவாளர் எழுப்பிய குரல் முற்றிலும் நியாயமானது. ஒருவர் படும் இழிவு அவர் வினையின் பயன் என்று பிறர் சொல்ல, எல்லா உயிர்க்கும் அருளே நோக்கம் என்னும் சித்தாந்தத்தில் இடமில்லை. வினையை அறிந்து கூட்டுவிப்பது இறைவன் ஒருவனுக்கே உரிய தொழில். அதை மனிதர் தம் கையில் எடுத்துக்கொண்டு அயலாரை அளப்பது, ஐந்தொழிலுக்கு உரிமை கோரும் ஆணவமே.

மதிப்பீடு

எல்லாம் வல்ல இறைவனுக்கு வரம்பு உண்டா என்ற ஒரே வினாவுக்குள் மூன்று வினாக்கள் கலந்துள்ளன. முரணைச் செய்யாமை வரம்பன்று. அங்கு செயலே இல்லை. நீதியைக் கடவாமை அவன் தானே ஏற்ற முறை. அது தன்வயத்தின் அடையாளம். உயிரையும் மலத்தையும் படைக்காமையும் அழிக்காமையும் மட்டுமே பொருள்சார்ந்த வரம்பு என்று கருத இடம் தருவது. அதை ஏற்பதும் மறுப்பதும் சற்காரியவாதத்தை ஏற்பதையும் மறுப்பதையும் பொறுத்தது. இம்மூன்றையும் பிரிக்காமல் விவாதிக்கும்போதுதான் பக்தர் தருக்கத்தைப் பழிப்பதும், மறுப்பவர் ஒரு கல்லைக் காட்டி வெற்றி கொண்டாடுவதும் நிகழ்கின்றன.

தமிழ்ச் சமய மெய்யியல் இவற்றைப் பெரும்பாலும் பிரித்தே கையாண்டது. கடைசி வினாவில் தனக்கென ஒரு நிலைப்பாட்டையும் எடுத்தது. நினைத்ததை நினைத்தபடி உண்டாக்கி அழிக்கும் ஆற்றலைவிட, தான் உண்டாக்காத இருளில் கிடக்கும் உயிரை அதன் அறிவு கெடாமல் மீட்கும் ஆற்றலை அது உயர்வாக மதித்தது. இம்மதிப்பீடு சரியா என்பது தருக்கத்தால் மட்டும் முடிவாகாது. வல்லமையில் எதை நாம் போற்றுகிறோம் என்பதையும் பொறுத்தது. ஆனால் அருளையும் அறிவையும் விலக்கிவிட்டு ஆற்றலை மட்டும் தனியே அளக்க முடியாது என்ற அளவில் எண்குணக் கொள்கை உறுதியாக நிற்கிறது. கல் புதிரை எழுப்புவோரும் அதற்கு விடை சொல்வோரும் ஒருங்கே ஏற்றுத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.